இல்லாத தங்கைக்கு ஓர் ஒப்பாரி

கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பரின் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆள் குறைத்து, வேலை போனவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த சமயம் அது. நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குடியிருப்புக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் காஜாங் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டினேன். குளிர்காய்ச்சல் வந்தது, விட்டுவிட்டேன். சாலாக் செலாத்தானில் ஈயச் சுரங்கத்தில் மண் சுமந்தேன். கூரை ஒழுகிய கொட்டகையில் இரண்டு மாதம் படுத்திருந்து அதையும் விட்டேன். ஓர் இடத்தில் ஒரு வருஷம் நின்றால் கால் அரிக்கும் எனக்கு. நாலாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஆனால் கையெழுத்து மட்டும் அச்சுப் போல இருக்கும். லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, ஆட்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து எழுதிக் கொடுத்து வந்த பழக்கம்.

ஒருநாள் கடைக்குக் கண்ணாடி போட்ட ஒருவர் சாப்பிட வந்தார். தமிழ்நாட்டில் ஒரு சர்வகலாசாலையில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர். கடல் தாண்டி வந்து உழைக்கும் ஜனங்கள் என்ன பாடுகிறார்கள் என்று சேகரித்து வர அவர்கள் அனுப்பியிருக்கிறார்களாம். பட்டம் கொடுக்கும் அவ்வளவு பெரிய இடம், களை பிடுங்குகிறவள் பாடும் பாட்டுக்காக ஓர் ஆளைக் கப்பலேற்றி அனுப்புமா என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. கடைக்காரர் சிரித்தே விட்டார்.

"பாட்டுக்காகவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க? நம்ம பய பாத்திரம் கழுவும்போது பாடுவான். அதைப் புடிச்சிட்டுப் போங்க, கடையாவது அமைதியா இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "தோட்டங்கள்ல உங்களுக்குப் பழக்கம் உண்டா? எழுதத் தெரியுமா?" என்று கேட்டார். 'உங்களுக்கு' என்று என்னை அதுவரை யாரும் சொன்னதில்லை. அன்றைக்கே கடையை விட்டேன். பாட்டுகளைச் சுத்தமாக எழுதிக் கொடுக்க சர்வகலாசாலையில் ஓர் ஆள் தேவைப்படும், வேலை ஒழுங்காக முடிந்தால் உங்களுக்குக் கேட்டுப் பார்க்கிறேன் என்று அவர் சொன்னதுதான் காரணம். மேசை, நாற்காலி, தலைக்கு மேல் ஒழுகாத கூரை. அந்த நினைப்பிலேயே அவர் சாமானைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

சாமான் என்றால் பெரிய சாமான்தான். ஒரு மரப்பெட்டி, அதன் மேல் கருப்புத் தகரப் புனல். சாவி கொடுத்தால் உள்ளே ஒரு மெழுகுருளை சுற்றும். புனலுக்குள் பாடினால் ஊசி அந்த மெழுகில் கீறும். மறுபடி ஓட்டினால் பாடியது அப்படியே கேட்கும். வேண்டாத பாட்டென்றால் மெழுகை ஒரு கத்தியால் மேலாகச் சுரண்டிவிட்டு வேறு பாட்டைப் பிடிக்கலாம். உருளைகள் வெயில் பட்டால் கெட்டுவிடும் என்று ஈரத்துணி சுற்றிய கூடையில் வைத்து, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி நான் தூக்கி வருவேன்.

கிள்ளானுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் பத்து நாள் தங்கினோம். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் அவர் முன்பே அனுமதி வாங்கியிருந்தார். ஆனால் லயத்துப் பெண்களிடம் அவரே போய்த் தனியாகக் கேட்டார். அந்தப் பெண்களுக்கு முன்னே நிற்பவள் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பால்மரத் தொழிலாளி. எல்லாரும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்; நானும் அப்படியே சொல்கிறேன். புனலை எட்டிப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்:

"இதுக்குள்ள போற சத்தம் இங்கேயே இருக்குமா, இல்ல நேரா துரை பங்களாவுக்குப் போயிருமா? ஏன்னா எங்க பாட்டுல துரையும் வருவாரு, எங்களை மேய்க்கிற கங்காணியும் வருவாரு, ரெண்டு பேருக்கும் மானம் இருக்காது."

"நேரா எங்க சர்வகலாசாலைக்குத்தாம்மா போகும்," என்றார் அவர்.

"அங்க இருக்கிறவங்க என்னா பாவம் பண்ணாங்க?" என்று அவள் சொன்னதும் லயமே சிரித்தது.

அதற்குப் பிறகு பாட்டுக்குக் குறைவே இல்லை. களை பிடுங்கும் பாட்டு, தாலாட்டு, கும்மி, பால் வாளி தூக்கி வரும்போது ஒருத்தியை ஒருத்தி ஏசிப் பாடுவது, எல்லாம் உருளையில் ஏறின. ஐயா, நான் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன், ஒவ்வொரு உருளைக்கும் அட்டைக் கூட்டின் மேல் பாடியவர் பெயர், இடம், எதற்காகப் பாடியது என்று எழுதுவார். வார்த்தைகளைக் கேட்டு நோட்டில் எழுதுவது என் வேலை.

ஒன்று மட்டும் கிடைக்கவில்லை: ஒப்பாரி. அவர் அதற்காகத்தான் முக்கியமாக வந்திருந்தார். எங்கே கேட்டாலும் பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பெரியக்காவிடம் ஒருமுறை நானே கேட்டேன்.

"சும்மா எப்படிடா பாடுறது? எழவு விழாத எடத்துல ஒப்பாரி வச்சா, வைக்கிற வீட்டுல எழவு விழும். யாரைக் கொடுத்துப் பாடச் சொல்றே, உன்னையா? நீ படுத்துக்க, பாடுறேன்."

ஐயா அதோடு விட்டுவிட்டார். "அவங்க வழக்கம் அது. கிடைக்காட்டிப் போகட்டும்" என்றார். நான் விடவில்லை. புதன்கிழமை அவருக்குக் கப்பல். ஒப்பாரி இல்லாமல் அவர் போனால் என் நாற்காலியும் போய்விடும் என்று எனக்கு ஒரு கணக்கு.

எங்கள் லயங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் யாராவது செத்தால், நாலு மூலையிலும் கரி தடவிய கடிதம் வரும். பிணம் கடலுக்கு அந்தப் பக்கம். எப்போதோ எரித்தும் இருப்பார்கள். அதனால் அந்தக் கடிதத்தையே ஒரு பாயின் மேல் வைத்து, பெண்கள் சுற்றி உட்கார்ந்து மாரடித்து அழுவார்கள். சொந்தம் இல்லாத ஒண்டிக்கட்டைக்கு வந்தாலும் அழுவார்கள். அது லயத்து மரியாதை.

சனிக்கிழமை சாயங்காலம் நான் ஒரு கடிதம் எழுதினேன். எனக்குத் தங்கையே கிடையாது. கடைசிப் பிள்ளை நான். ஆனால் கடிதத்தில் ஒரு தங்கை பிறந்து, பதினாறு வயது வளர்ந்து, காய்ச்சலில் மூன்று நாள் கிடந்து செத்துப் போனாள். சிம்னி விளக்கின் கரியை விரலால் எடுத்து நாலு மூலையிலும் தடவினேன்.

ஞாயிறு காலை, வேலை இல்லாத நாள். பிரிக்பீல்ட்ஸ் கடை விலாசத்துக்கு வந்ததாம், ஓர் ஆள் கொண்டுவந்து கொடுத்தானாம் என்று சொல்லி லயத்து வாசலில் நின்று கடிதத்தை உரக்கப் படித்தேன். துணி துவைத்துக்கொண்டிருந்தவள் துணியைப் போட்டாள். அடுப்பில் இருந்த சோற்றை ஒருத்தி இறக்கி வைத்தாள். பத்து நாளுக்கு முன் முகம்கூடத் தெரியாத எனக்காகப் பதினைந்து பெண்கள் தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். பெரியக்கா என் தலையில் கை வைத்து, "புள்ள பேரு என்னா? என்னா நெறம்? உன்னை என்னான்னு கூப்புடும்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அப்போதைக்கு வாயில் வந்ததைச் சொன்னேன்.

ஐயா தள்ளி நின்றார். பெட்டியை எடுக்கச் சொன்னதே நான்தான். "துக்க வீட்டுல அது வேண்டாம்" என்றார். என் தங்கைக்காக வைக்கச் சொல்கிறேன் என்றேன். அப்போதும் அவர் பெரியக்காவிடம் போய்க் கேட்டார்.

"வைங்க ஐயா. கடல் தாண்டி அந்தப் புள்ளைக்கும் கேக்கட்டும்" என்றாள் அவள்.

எத்தனையோ சாவு வீட்டில் நின்றிருக்கிறேன், அப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை. முதலில் என் தங்கையின் பெயரைச் சொல்லித்தான் தொடங்கினாள். போகப் போகப் பெயர் காணாமல் போய், "என் கண்ணே" என்று மட்டும் வந்தது.

கப்பலு நின்ன எடம் – என் கண்ணே
கால் ஊன்றும் முன்னாலே
கைப்புடிச்சு வந்த புள்ள – என் கண்ணே
கையை விட்டுப் போனதென்ன
உப்புக் காத்து வீசையிலே – என் கண்ணே
ஒரு புடி மண் போடலியே

உருளை முடிந்து ஊசி சும்மா சுற்றிய பிறகும் அவள் நிறுத்தவில்லை. என் கடிதத்துத் தங்கை கப்பலே ஏறாதவள், எதையோ சேர்த்துப் பாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வெற்றி பெற்றவன் மாதிரி உருளையைத் துணியில் சுற்றிக் கூடையில் வைத்தேன்.

மத்தியான ரயிலில் கோலாலம்பூருக்குத் திரும்பினோம். வண்டி கிளம்பியதும் ஐயா அட்டைக் கூட்டை மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தார். தங்கையின் பெயர், வயது, ஊர் கேட்டார். சொன்னேன். எழுதினார்.

"உங்க ஊர் கடல் பக்கமா?"

"இல்லீங்க ஐயா. கடலையே பார்க்காத ஊரு."

பாட்டில் கப்பலும் உப்புக் காற்றும் வந்ததால்தான் கேட்டார் போல. பிறகு, "ஊருக்குப் போனதும் பெட்டியை எடுத்துக்கிட்டு முதல்ல உங்க வீட்டுக்குத்தான் போகப்போறேன். உங்க மகளுக்கு கிள்ளான்ல பதினைஞ்சு பேர் அழுதாங்கன்னு உங்க அம்மாவுக்குப் போட்டுக் காட்டணும். பாட்டை நாங்களே வச்சுக்கிறதுக்காக எங்களை அனுப்பலே" என்றார்.

என் அம்மா முன்னால் இவர் பெட்டியை வைத்துச் சாவி கொடுப்பதை நினைத்துப் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் எழுதிய அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி பத்து தீகா ஸ்டேஷனில் நின்றது.

"பெட்டியைத் தூக்குங்க. இறங்கணும்."

"எதுக்குங்க ஐயா?"

"அவங்ககிட்டச் சொல்லணும்."

"ஐயா, சொன்னா என்னைக் கொன்னுடுவாங்க. யாருக்கும் தெரியாது ஐயா, அந்த உருளையை இப்பவே சுரண்டிடலாம்."

"அது அவங்க பாட்டு. உங்களுக்கும் எனக்கும் என்ன உரிமை அதைச் சுரண்ட?"

அடுத்த வண்டி பிடித்துத் திரும்பிப் போனோம். லயத்தில் அப்போதுதான் சாப்பிட்டு முடித்து வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒரு பெண், "பசியாறினியா தம்பி?" என்று இரக்கத்தோடு கேட்டாள். பிறகு அவர்கள் கொடுத்த அடிகளைவிட அந்தக் கேள்விதான் இன்றும் வலிக்கிறது.

ஐயா நின்றுகொண்டே சொன்னார். கடிதம் பொய், தங்கை பொய் என்று சொன்னார். ஒப்பாரி வேண்டும் வேண்டும் என்று தான் ஆசைப்பட்டதால் வந்த வினை, தப்பு எங்கள் பக்கம் என்று சொல்லிக் கும்பிட்டார். என்னை மட்டும் முன்னால் தள்ளிவிட்டுத் தப்பித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

ஏச்சும் பேச்சும் ஒன்றாக வந்தன.

"அட பாவி, உன் நாக்கு அழுகிப் போவ!"

"என்னையாடா பொய்யழுகை அழ வச்சே? சோத்தை எறக்கி வச்சிட்டு வந்தேனேடா!"

ஒருத்தி விளக்குமாற்றை எடுத்தாள். நாலைந்து அடி வாங்கினேன், நகரவில்லை. கோபத்தைவிடப் பயம்தான் அங்கே பெரிதாக இருந்தது. மூன்றாவது வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி இருந்தாள். அவள் மாமியார் என் சட்டையைப் பிடித்து, "எழவில்லாத வீட்டுல ஒப்பாரி வச்சாச்சு. என் மருமவளுக்கு ஒண்ணு ஆனா யாருடா பதில் சொல்றது?" என்று உலுக்கினாள். அந்தக் கர்ப்பிணி வாசற்படியைப் பிடித்துக்கொண்டு வெளுத்துப் போய் நின்றாள்.

ஐயா உருளையை வெளியே எடுத்தார். மெழுகு சுரண்டும் கத்தியையும் எடுத்தார். "உங்க முன்னாலேயே அழிச்சுடறேன்மா. ஒரு எழுத்துக்கூட என்கிட்ட இருக்காது. சொல்லுங்க" என்று பெரியக்காவைப் பார்த்தார்.

என்னை ஏசாதவள் அவள் ஒருத்திதான். எழுந்து வந்து, கத்தி இருந்த அவர் கையை மெதுவாகத் தள்ளினாள்.

"அழிக்காதீங்க ஐயா. அது இவன் தங்கச்சிக்குப் பாடினது இல்ல."

பிறகு கர்ப்பிணியின் பக்கம் திரும்பி, அவளுக்குச் சொல்வது போலவே சொன்னாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கப்பலில் அவள் தனியாக வரவில்லை. ஒன்பது வயது மகளோடு வந்தாள். துறைமுகத்தில் இறங்கியதும் நோய்க்காக அடைத்து வைக்கும் முகாமில் பிள்ளைக்குப் பேதி கண்டது. இரண்டாம் நாள் போய்விட்டது. முகாம் ஆட்கள் மூடித் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கே வைத்தார்கள் என்று காட்டவில்லை.

"அழுது சத்தம் போட்டா முகாம்காரன் கூட்டத்தையே இன்னும் பத்து நாள் அடைச்சுப் போடுவான், வாயைத் தொறக்காதேன்னாரு கங்காணி. கூட வந்தவங்க அத்தனை பேரும் என் வாயையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் தொறக்கல. மறாநாளு இங்க வந்து மரம் வெட்டுற கத்தியைக் கையில கொடுத்தாங்க. அப்புறம் யார்கிட்டன்னு போய்ச் சொல்றது, என்னான்னு அழுவுறது? எத்தனையோ பேரு வீட்டுக் கடுதாசிக்கு மாரடிச்சேன். என் புள்ளைக்குன்னு ஒரு கடுதாசி எங்கேருந்து வரும்? இன்னைக்கு அந்தப் பொட்டி முன்னால உக்காந்ததும் வாய் தானா தொறந்துக்கிச்சு."

பன்னிரண்டு வருஷம் சுவருக்குச் சுவர் குடியிருந்தவர்களுக்கு அவளுக்கு ஒரு மகள் இருந்ததே தெரியாது. விளக்குமாற்றுக்காரி அதைக் கீழே போட்டாள்.

பெரியக்கா என்னைப் பார்த்தாள். "இவன் கடுதாசியில கரி இருந்துச்சு, ஆளு இல்ல. ஆளு எங்கிட்ட இருந்துச்சு" என்றாள். பிறகு அந்த மாமியாரிடம், "எழவில்லாத ஒப்பாரி இல்ல அக்கா அது. வைக்காம விட்ட ஒப்பாரி. உன் மருமவளுக்கு ஒண்ணும் வராது, போய்ப் படுக்கச் சொல்லு" என்றாள்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"மேல என்னமோ எழுதுவீங்களே, அதுல பேரை மாத்தி எழுதுங்க."

ரயிலில் எழுதிய அட்டையைக் கிழித்துவிட்டுப் புது அட்டையில், அவள் சொல்லச் சொல்ல எழுதினார். மகளின் பெயர், வயது, எங்கே போனாள் என்பது எல்லாம். எழுதியதைப் படித்துக் காட்டினார். அதன் பிறகு உருளையை ஒருமுறை ஓட்டினார். காலையில் அழுத அதே பெண்கள் மறுபடியும் அழுதார்கள். இந்த முறை யாருக்காக என்று தெரிந்து அழுதார்கள். பெரியக்கா மட்டும் அழவில்லை. புனலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வேறு யாரோ பாடுவதைக் கேட்பது போலக் கேட்டாள்.

புதன்கிழமைக் கப்பலில் ஐயா போகவில்லை. நான் எழுதிய எதையும் இனி அப்படியே நம்ப முடியாது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்னும் ஒரு வாரம் அங்கேயே தங்கி, என் நோட்டில் இருந்த ஒவ்வொரு பாட்டையும் பாடியவர்கள் முன்னால் என்னையே உரக்கப் படிக்க வைத்தார். படித்தவர்கள் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பில் நான் பல வார்த்தைகளை மெருகேற்றி வைத்திருந்தது அப்போது வெளியே வந்தது.

"என்னாது, 'கங்காணிப் பெரியவரா'? நாங்க பாடுனது 'கங்காணிப் பன்னி' தம்பி! எழுது, எழுது, பன்னின்னு எழுது!"

சிரிப்பாகச் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். கர்ப்பிணிக்கு அந்த வாரமே ஆண் குழந்தை பிறந்தது. அதற்குப் பாடிய தாலாட்டையும் பிடித்துக்கொண்டார்.

எனக்கு நாற்காலி கிடைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனேன். ஏழெட்டு மாதம் கழித்து, அந்தத் தோட்டத்துக்கு சர்வகலாசாலையிலிருந்து ஒரு கட்டு காகிதம் வந்திருப்பதாகவும், படித்துச் சொல்ல என்னைப் பெரியக்கா வரச் சொன்னதாகவும் ஆள் வந்தது. தட்டச்சில் அடித்த பட்டியல் அது. ஒவ்வொரு பாட்டும், பாடியவர் பெயரும், தப்பிருந்தால் எழுதுங்கள், திருத்துகிறோம் என்ற குறிப்பும் இருந்தன. ஐயா ரயிலில் சொன்னது போலவே, பாட்டைத் தாங்களே வைத்துக்கொள்ளாமல் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பெரியக்காவின் மகள் பெயர் வந்த வரியைப் படித்தேன். "இன்னொரு தடவை படி" என்றாள். மூன்று தடவை படித்தேன். "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு, அரிசி களையப் போய்விட்டாள்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அதை எழுதும் தகுதி உள்ள கை ஏற்கெனவே எழுதிவிட்டது. நான் இப்போதும் ஊர் ஊராகத்தான் திரிகிறேன், போகிற இடத்தில் யாராவது கடிதம் எழுதித் தரச் சொன்னால் எழுதுகிறேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, எழுதியதைச் சொன்னவர் முன்னால் உரக்கப் படித்து, அவர் சரி என்று சொல்லும் வரை ஒரு கடிதத்தையும் நான் மடித்தது இல்லை.